தம்பி ரத்தத்தில் பிடித்த தப்பான ஒட்டு

ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. சந்தூர் பக்கம் எங்களுக்கு மாங்கன்று நாற்றங்கால் இருக்கிறது. சீசன் முடிகிற நேரத்தில் கொட்டைகளைச் சேர்த்து விதைத்து, அவை செம்பு நிறத்தில் தளிர் விட்ட பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒட்டுக் கட்டிவிட வேண்டும். வேர்ச்செடியின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரிச் சீவிய தாய்மரக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவதற்குத் தம்பிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் நானும் நாடா சுற்ற உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஆடி மாதத்தில் தம்பியின் கட்டை விரலில் கத்தி பட்டுவிட்டது. சின்ன வெட்டுதான். மஞ்சள் வைத்து அழுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தான். மதியம் சாப்பிட வந்தபோதும் துணி நனைந்துகொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரம் வரை ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, ஒரு வாரமா பல்லு விளக்கும்போதும் ரத்தம் வருது. தொடையில அடியே படாம நீலம் நீலமா இருக்கு. சொன்னா திட்டுவாருன்னு சொல்லல."

அடுத்த நாள் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். காய்ச்சலும் இருந்தது. பிளேட்லெட் என்கிற தட்டணு 14,000, வெள்ளையணு 1,800, ஹீமோகுளோபின் 7.8. டெங்கு காலம் என்பதால் டெங்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, காய்ச்சலுக்கு இடுப்பில் ஓர் ஊசி போட்டு, பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஊசி போட்ட இடம் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வீங்கியது. இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவிலும் தட்டணு இறங்கும், வெள்ளையணுவும் இறங்கும். ஆனால் டெங்கு முற்றும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிவதால் ரத்தம் கெட்டிப்படும். ஹீமோகுளோபின் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். தட்டணுவோடு ஹீமோகுளோபினும் சேர்ந்து விழுந்திருந்தால், "ஸ்மியர் பார்த்துச் சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் ஒரு மருத்துவர் கண்ணால் பார்க்கிற சோதனை அது. விலை குறைவு. இயந்திரம் எண்ணிக்கையைச் சொல்லும். அந்தச் செல் எந்த வயதில் நிற்கிறது என்பதை மனிதக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரியில் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் அந்தத் தகட்டைப் பார்த்தார். நான் விலங்கியல் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத் துகள்கள் அடைந்த பெரிய பெரிய செல்கள். அவற்றில் ஒன்றுக்குள் ஊசி ஊசியாக ஏதோ கிடந்தது, கயிறு போட்டு இறுக்காத விறகுக் கட்டு போல. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டீச்சர், ஹெமட்டாலஜி, அதான் ரத்த நோய்ப் பிரிவு, இருக்கிற இடத்துக்கு இன்னைக்கு ராத்திரியே கிளம்புங்க. காலையில போலாம்னு இருக்காதீங்க. பல் பிடுங்கறது, இடுப்பு ஊசி, வலி மாத்திரை எதுவும் கூடாது" என்றார்.

வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்றரை. மரபணுச் சோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்த இரவே முதல் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். ஊசிகூட இல்லை, சாதாரண கேப்சூல். ஒரு நாளைக்கு எட்டு: காலையில் நாலு, ராத்திரி நாலு, சாப்பாட்டோடு. ரத்தப் புற்றுநோய்க்கு வாயில் போடுகிற கேப்சூலா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. ஏ.பி.எல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

படியெடுத்தல் பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன். டி.என்.ஏ-வில் இருப்பதைச் செல் ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கிறது, எந்த மரபணுவைப் படியெடுக்க வேண்டும் என்று சொல்லும் புரதத்துக்குப் படியெடுத்தல் காரணி என்று பெயர், ஆங்கிலத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பார்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். வேலூரில் அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

நம் எலும்பு மஜ்ஜையில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய இருபது லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. சிவப்பணு 120 நாள் இருக்கும், தட்டணு பத்து நாளுக்குள் முடிந்துவிடும். எல்லாமே ஒரே வகை ஸ்டெம் செல்லிலிருந்து வருகின்றன. எல்லாவற்றுக்கும் டி.என்.ஏ ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று சிவப்பணுவாகவும் இன்னொன்று வெள்ளையணுவாகவும் ஆவது எப்படி? எந்தக் காரணி ஓங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான். காட்டா-1 என்ற காரணி கை ஓங்கினால் அந்தச் செல் சிவப்பணு, தட்டணுப் பக்கம் போகும். பி.யூ-1 ஓங்கினால் வெள்ளையணுப் பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்கும். பாக்ஸ்-5 என்ற காரணி இருந்தால்தான் வெள்ளையணுவில் ஒரு வகையான பி செல் பி செல்லாக நிலைக்கும். சி.இ.பி.பி ஆல்ஃபா என்ற காரணி இல்லாத எலிகளுக்கு, வெள்ளையணுவில் இன்னொரு வகையான நியூட்ரோபில் முதிர்வதே இல்லை. பாதையைப் பிடிப்பது மட்டுமல்ல, பாதையின் கடைசி வரை நடந்து முடிப்பதற்கும் இந்தக் காரணிகள் வேண்டும்.

என் தம்பியின் செல்கள் நடுவழியில் நின்றுவிட்டன. புரோமைலோசைட் என்பது நியூட்ரோபில் ஆகும் வழியில் ஒரு படி. அதைத் தாண்டிப் போகாமல், அந்தப் படியிலேயே நின்றுகொண்டு பெருகின. மஜ்ஜை முழுக்க அவையே அடைத்துக்கொண்டதால் தட்டணுவுக்கும் சிவப்பணுவுக்கும் இடமில்லை. அதோடு, அந்தத் துகள் நிறைந்த செல்கள் ரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடும். ஏ.பி.எல் வந்தவர்களை முதல் சில நாட்களில் கொண்டுபோவது மூளையிலும் நுரையீரலிலும் கசியும் ரத்தம்தான். அந்த மருத்துவர் "ராத்திரியே" என்று சொன்னதன் காரணம் இதுதான்.

ஏன் நின்றன? மஜ்ஜையில் எங்கோ ஒரு செல்லில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. 15-இல் இருந்த பி.எம்.எல் என்ற மரபணுவின் பாதியும், 17-இல் இருந்த ரார் ஆல்ஃபா என்ற மரபணுவின் பாதியும் ஒன்றாகிவிட்டன. ரார் ஆல்ஃபா ஒரு படியெடுத்தல் காரணி. வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் செய்துகொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டினால், அது செல் முதிர்வதற்கான மரபணுக்களைத் திறந்துவிடும். வராவிட்டால் மூடி வைக்கும். பி.எம்.எல்லோடு ஒட்டியபின் அந்தப் பூட்டு கெட்டியாகிவிட்டது. உடம்பில் இயல்பாக இருக்கிற அளவு அமிலத்துக்கு அது திறப்பதில்லை.

இதைத் தம்பிக்கு ஒரு நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். சலைன் ஏறுகிற கையை அசைக்காமல் அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான்.

"தப்பான ஒட்டு பிடிச்சிடுச்சு, அதானேக்கா?"

"அதேதாண்டா."

"அப்ப பிடிச்ச ஒட்டை எப்படிப் பிரிப்பாங்க?"

பிரிப்பதில்லை. மேல் குச்சிக்கு ஒரு மருந்து, வேர்ச்செடிக்கு ஒரு மருந்து. இதை அவனுக்குச் சொன்னபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. அட்ரா என்கிற அந்தக் கேப்சூலில் இருப்பது ரெட்டினாயிக் அமிலமே, மிகப் பெரிய அளவில். அது ரார் ஆல்ஃபா பாதியில் போய் ஒட்டிப் பூட்டைத் திறக்கிறது. நரம்பு வழியாக ஏற்றும் ஆர்செனிக் டிரையாக்சைடு பி.எம்.எல் பாதியைப் பிடித்து, அந்த ஒட்டுப் புரதத்தையே செல் அழித்துவிடும்படி செய்கிறது. நின்ற செல்கள் மறுபடி நடந்து, முதிர்ந்து, தங்கள் காலம் முடிந்து போய்விடுகின்றன.

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. 1970-களில் சிகாகோவில் ஜேனட் ரவுலி என்ற மரபியல் ஆய்வாளர் குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரியால் வெட்டி, ஜோடி சேர்த்துப் பார்த்துத்தான் இந்த இடமாற்றங்களைக் கண்டுபிடித்தார். 8-ஆம் குரோமோசோமுக்கும் 21-ஆம் குரோமோசோமுக்கும் நடுவில் நடப்பதை 1973-இல் சொன்னார். 15-க்கும் 17-க்கும் நடுவில் நடப்பதை 1977-இல் அவர் குழுவினர் சொன்னார்கள். ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அட்ரா கொடுத்தார், பிழைத்தாள். 1988-இல் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 24 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இவ்வளவு நடந்து முடிந்தபிறகு, 1990-ஐ ஒட்டித்தான் அந்த ஒட்டு மரபணு கையில் சிக்கியது. மருந்து முன்னால் வந்தது, காரணம் பின்னால் வந்தது. ஆர்செனிக்கும் சீனாவின் ஹார்பினில் இருந்து வந்ததுதான். அதை மட்டுமே கொடுத்து 72 பேருக்கு வைத்தியம் செய்த விவரத்தை 2006-இல் வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இது நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2013-இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் வெள்ளையணு பத்தாயிரத்துக்கு மேல் போகாதவர்களிடம் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். தம்பிக்கு வெள்ளையணு 1,800. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை ரிப்போர்ட்டில் வெள்ளையணு 18,000. எனக்குக் கை நடுங்கியது. புற்றுநோய் பெருகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தம்பிக்கு மூச்சு வாங்கியது, காய்ச்சல், கால் வீக்கம். இரண்டு நாளில் எடை 64-லிருந்து 67 கிலோ. அம்மா, "அந்த மாத்திரைதான் ஒத்துக்கல, நிறுத்தச் சொல்லு" என்று அழுதார். பணியில் இருந்த மருத்துவர் ரிப்போர்ட்டையும் எடைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம் போட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதினார். அப்புறம்தான் எங்களிடம் பேசினார். இத்தனை நாள் நின்றிருந்த செல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முதிர்கின்றன, அப்போது அவை நுரையீரலில் இறங்கித் தொல்லை செய்யும், இதற்கு டிஃப்ரன்ஷியேஷன் சிண்ட்ரோம் என்று பெயர், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம், ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நாலு நாளில் மூச்சு சீரானது.

அன்றிலிருந்து தினமும் காலையில், அதே தராசில், அதே மாதிரி உடுப்போடு எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். ஏ.பி.எல் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைவலி பொறுக்க முடியாமல் இருந்தாலோ ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். கேப்சூலை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

தட்டணுதான் பெரிய பாடு. முதல் இரண்டு வாரம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. எடுத்து வைத்த தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தங்காது. குளிர்பெட்டியிலும் வைக்க முடியாது. அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். அதனால் மனிதர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஒரு வேனில் பதினொரு பேர் வந்தார்கள். ஒரே ஆளிடமிருந்து இயந்திரம் மூலம் எடுக்கிற எஸ்.டி.பி-க்குத் தேறியவர்கள் நாலு பேர்தான். ஒருவர் முந்தின நாள் பல்வலிக்கு மாத்திரை போட்டிருந்தார், அதனால் எடுக்கவில்லை. சிலருக்கு நரம்பு போதவில்லை. முழு ரத்தம் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எஸ்.டி.பி-யில் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம். அதனால் எல்லோரையும் ஒரே நாளில் அழைக்காமல், ஃபோனிலேயே எடை, வலி மாத்திரை விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, இரண்டிரண்டு பேராக வரவழையுங்கள். எங்களுக்கு இது தெரிய ஒரு வாரம் ஆனது.

பார்க்க வந்த உறவினர்கள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் கேட்பார்கள். வைட்டமின் ஏ-தானே, நம்ம ஊரில் மாம்பழத்துக்கா பஞ்சம், பழமாகவே கொடுக்கலாமே என்றார் பெரியப்பா. ஆசையாகத்தான் சொன்னார். எத்தனை மாம்பழம் தின்றாலும் உடம்பு தனக்கு வேண்டிய அளவு ரெட்டினாயிக் அமிலத்தை மட்டுமே செய்துகொள்ளும். அந்தக் கெட்டியான பூட்டு அதற்குத் திறக்காது. அட்ரா சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் ஏ மாத்திரை எதையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது, கெடுதல். இன்னொருவர், "ஆர்செனிக்னா வெள்ளைப் பாஷாணம்தானே, நாட்டு மருந்துலயே இருக்கே, அங்க போயிருந்தா செலவு மிச்சம்" என்றார். பொருள் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் வார்டில் அதைக் கிலோ எடைக்கு 0.15 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து, இரண்டு மணி நேரம் நரம்பில் ஏற்றுகிறார்கள். இதயத் துடிப்பில் க்யூ.டி என்ற இடைவெளி நீண்டுவிடுகிறதா என்று அடிக்கடி ஈ.சி.ஜி எடுத்துப் பார்க்கிறார்கள். பொட்டாசியம் 4-க்குக் கீழே இறங்கினால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் மருந்து. இந்தக் காவல் இல்லாமல் அது வெறும் விஷம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடி வந்தது. அவர்கள் பையனுக்கும் ரத்தப் புற்றுநோய், அந்தக் கேப்சூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவனுக்கு வந்திருந்தது லிம்போசைட் வகை. அதில் இந்த ஒட்டு இல்லை, அதனால் இந்த மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை. ஏ.பி.எல் சேர்ந்திருக்கும் பெரிய வகையான அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவிலேயே பத்தில் ஒன்றுதான் ஏ.பி.எல். ரவுலி கண்ட 8, 21 இடமாற்றத்திலும் உடைவது ரன்க்ஸ்-1 என்ற படியெடுத்தல் காரணிதான். ஆனால் அங்கே கேப்சூல் இல்லை, கீமோதெரபிதான், அதற்கு அது நன்றாகவே கட்டுப்படும். "எந்த ரத்தப் புற்றுநோய், எந்த மரபணு மாற்றம் என்று எழுதிக் கொடுங்க" என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எளிதாக இல்லை.

முதல் கட்டம் முடிந்தபோது மஜ்ஜை சுத்தமாக இருந்தது. ஆனால் ஒட்டு மரபணுவின் சிறு தடயத்தையும் காட்டிக்கொடுக்கிற பி.சி.ஆர் சோதனையின் ரிப்போர்ட்டில் ஒட்டு மரபணு இன்னும் தெரிகிறது என்று வந்தது. மறுபடி இடி விழுந்த மாதிரி ஆனது. இந்தக் கட்டத்தில் அப்படி வருவது சகஜம், அடுத்த கட்ட சிகிச்சைக்குப் பிறகு வருகிற முடிவுதான் கணக்கு என்றார் மருத்துவர். நாலு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள் ஆர்செனிக், அப்புறம் நாலு வாரம் ஓய்வு, இப்படி நாலு சுற்று. மருந்து ஏறும் வாரங்களில் வேலூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது பெரிய உதவி. வருமானச் சான்றுக்கு அலைகிற நிலை ஆஸ்பத்திரியில் படுத்தபின் வரக்கூடாது; அட்டை இல்லாதவர்கள் இன்றே எடுத்து வையுங்கள்.

அம்மாவுக்கு ஒரு குறை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பரம்பரையில் ஏதோ தோஷம், பேரப் பிள்ளைக்கும் வருமோ என்று. இந்த ஒடிவு பிறந்தபின் மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லில் நடந்தது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லை, பிள்ளைக்குப் போகாது என்று பல தடவை சொன்னேன். தோட்டத்தில் அடித்த மருந்தாலா என்றும் கேட்டார். ஒருவருக்கு ஏன் வந்தது என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னதையே நானும் சொன்னேன். இருந்தாலும் தம்பி இப்போது முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மருந்து அடிப்பதில்லை.

நாலு சுற்றும் முடிந்தபின் வந்த பி.சி.ஆரில் ஒட்டு மரபணு இல்லை. அதற்கப்புறம் எடுத்த எல்லாவற்றிலும் இல்லை. இந்த வருஷம் படியெடுத்தல் பாடத்துக்கு இரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டேன். தம்பியிடம் கேட்டு ஓர் ஒட்டுக்கன்றைப் பையோடு வாங்கிப் போய் மேசைமேல் வைத்தேன். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விட்டிருந்த தளிரை ஒரு மாணவி தானாகவே கிள்ளி எடுத்தாள். அவள் அப்பாவும் ஒட்டுக் கட்டுகிறவர்தான். ரிப்போர்ட்டுகள் எல்லாம் தேதி வாரியாக ஒரு மஞ்சள் பையில் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த பரிசோதனை கார்த்திகையில்.